நத்தையின் மூச்சுக்குழல்

பெர்கன், நார்வே
1944 செப்டம்பர் 24

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எங்கள் சமையல்காரர் கோப்கே விடுப்பில் கீல் நகருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் தணிக்கைக்காரன் முதல் பத்தியிலேயே கறுப்பு மையைப் பூசிவிடுவான். கோப்கேக்குச் சூடாக ஏதாவது கொடு. நாங்கள் யாருமே வெகுநாளாகச் சூடாக எதுவும் சாப்பிடவில்லை.

நான் உயிரோடு இருக்கிறேன். மைனெர்ட் இல்லை. உனக்கு நினைவிருக்கும், எஞ்சின் அறையில் என் கீழே வேலை பார்த்தவன், போன கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வந்து உன் சைக்கிள் சங்கிலியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தவன்.

அமெரிக்கர்கள் ப்ரெஸ்ட் துறைமுகத்தைச் சூழ்ந்தபோது நத்தையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எங்கள் நீர்மூழ்கிப் படகுக்கு எண் உண்டு, ஆனால் கோபுரத்தில் ஒரு நத்தையை வரைந்து வைத்திருப்பதால் அந்தப் பெயர்தான் எல்லார் வாயிலும். வழி முழுக்கத் தண்ணீருக்கடியில்தான் வந்தோம். மேலே தலை காட்டினால் விமானம் வந்துவிடுகிறது.

உனக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. ஏழாம் வகைப் படகு என்பது உண்மையில் மேலே ஓடுகிற கப்பல்தான்; பயந்தால் முங்கும், அவ்வளவே. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். முங்கினால் மின்கலத்தை வைத்து நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகலாம், அதுவும் கொஞ்ச நேரம். அதனால் இந்த வசந்தத்தில் உன் கப்பல் கட்டும் தளத்து வரைவாளர்கள் அதன் முதுகில் ஒரு மூச்சுக்குழலை மாட்டிவிட்டார்கள். குழலின் தலை மட்டும் மேலே இருக்கும், காற்றை இழுக்கும். புகை இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அலை ஒன்று தலையை மூடினால் மூடி சாத்திக்கொள்கிறது. எஞ்சின் நிற்காமல் படகுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சுகிறது. காதுக்குள் ஆணி இறங்குவதுபோல் வலிக்கும். மூடி சிக்கிக்கொண்டு படகும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் புகைக்கு வெளியே போக வழியில்லை. எங்களிடமே திரும்பி வரும்.

அந்த நேரத்தில் இரண்டு சக்கரங்களைத் திருப்பி மூட வேண்டும். காற்றுக்கு ஒன்று, எஞ்சின் அறையின் முன்பக்கம். புகைக்கு ஒன்று, இடது எஞ்சினுக்குப் பின்னால் தலைக்கு மேலே. ஒருவனால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் இரைச்சலில் ஒருவன் கத்துவது இன்னொருவன் காதில் விழாது.

அயர்லாந்துக்கு மேற்கே மூடி சிக்கியது. நான் என் சக்கரத்தைத் திருப்பினேன். மைனெர்ட் மற்றதை நோக்கி ஓடினான். போய்ச் சேரவில்லை. இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே கிடந்தான். அவனைத் தாண்டிப் போய்த்தான் நான் அந்தச் சக்கரத்தை மூடினேன், அக்கா. மூடிவிட்டு நானும் விழுந்தேன். எனக்கு நினைவு திரும்பியது. அவனுக்குத் திரும்பவில்லை.

அந்தச் சக்கரத்தை அங்கே வைத்தது யார்? உன் அலுவலகத்தில் யாரோ ஒருவன் பென்சிலைச் சீவிக்கொண்டு அங்கே ஒரு வட்டம் போட்டிருக்கிறான். அவன் பெயரைச் சொல். அது நீயாக இருந்தால் அதையும் சொல்.

ஓன்னோ


கீல்
1944 அக்டோபர் 15

ஓன்னோ,

அந்தச் சக்கரத்தை அங்கே வைத்தது நான் இல்லை. நானாக இருந்தால் நீ கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன்.

யார் என்று இரண்டு நாள் தேடினேன். யாரும் இல்லை. எஞ்சின் அறையை வரைந்தவர்கள் போருக்கு முன்னால் வரைந்தார்கள். மூச்சுக்குழல் என்று ஒன்று வரும் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. குழலை வரைந்தவர்கள் வேறு கட்டடத்தில், வேறு மேசையில். புகைக்குழாய்க்கு ஒரு சக்கரம் தேவைப்பட்டபோது எங்கே இடைவெளி இருந்ததோ அங்கே வைத்துவிட்டார்கள். அங்கே நிற்கப்போகிறவனுக்கு எத்தனை நீளக் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ ஒருவனின் சட்டையைப் பிடிக்க நினைத்தாய். பிடிப்பதற்குச் சட்டையே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

பக்கத்துக் கடற்கரை ஊரான லாபோவுக்குப் போய் மைனெர்டின் அம்மாவைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். எனக்கு முன்பே அவருக்குத் தகவல் வந்திருந்தது.

"தண்ணியிலயா போனான்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. படகுக்குள்ளதான். தூங்கின மாதிரி."

"அப்ப நனையல."

"நனையலம்மா."

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு ஈரம் ஆகாது. உடனே மார்ச்சளி பிடிச்சுக்கும்" என்றார். கடலில்தான் அடக்கம் செய்திருப்பீர்கள் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் தலைமை வரைவாளர் பிராண்டிஸிடம் போனேன். எங்கள் வரைவறையில் பாதி குண்டில் போய்விட்டது. அவர் மேசை இப்போது பதுங்குகுழியில், தண்ணீர்க் குழாய்க்கு அடியில்.

"ஏழாம் வகையெல்லாம் முடிஞ்ச கதை, இம்கே. கையில இருக்கிற அத்தனை மணி நேரமும் புதுப் படகுக்கு" என்றார்.

"முடிஞ்ச கதைக்குள்ளதான் சார் அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க."

"உன் தம்பி இருக்கான். அதனால பேசுற."

"ஆமா. அதனாலதான் பேசுறேன். மத்தவங்களுக்கும் அக்கா இருப்பாங்க இல்ல?"

அவர் காதில் ஏறவில்லை. அவர் சொல்லும் புதுப் படகு, அதுதான் இருபத்தொன்றாம் வகை, உண்மையிலேயே முங்கிக் கிடப்பதற்கென்றே பிறந்தது. மின்கலமே மும்மடங்கு. ஆனால் அதைத் துண்டு துண்டாக நாட்டுக்குள்ளே எங்கெங்கோ செய்கிறார்கள். பாலமும் கொதிகலனும் செய்தவர்கள் படகு செய்கிறார்கள். இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒரு துண்டு இன்னொன்றோடு பொருந்துவதில்லை.

சரி. உன் நத்தைக்கு வருகிறேன். இத்துடன் ஒரு வரைபடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடியில் பலகையை வைத்துப் போட்டேன். பின்னால் இருக்கும் புகைச் சக்கரத்திலிருந்து ஒரு நீளக் கம்பி, முனையில் இரண்டு பல்சக்கரங்கள். அதனால் அந்தச் சக்கரம் காற்றுச் சக்கரத்தின் பக்கத்துக்கே வந்துவிடும். ஒருவன் ஓர் இடத்தில் நின்று, இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று. ஓடத் தேவையில்லை.

செய்து மாட்டு. உன்னால் முடியும். கோப்கே டர்னிப் கிழங்கு சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "என் சமையலைவிட இது தேவலாம்" என்று உன்னிடம் சொல்லக்கூடாது என்றார். சொல்லிவிட்டேன்.

இம்கே


பெர்கன்
1944 நவம்பர் 12

அக்கா,

போன கடிதத்தில் கடைசிப் பத்தியை எழுதியிருக்கக்கூடாது. இதற்கு மேல் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் கம்பி நேராகப் போய் எண்ணெய்த் தொட்டிக்குள் குத்துகிறது. உன் மேல் தப்பில்லை. ப்ரெஸ்டில் ஒருமுறை அடிபட்டபோது அந்தத் தொட்டியை நகர்த்தி வைத்தார்கள். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. தாளில் இருக்கும் நத்தை வேறு, தண்ணீரில் கிடக்கும் நத்தை வேறு. சரியான அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கம்பி ஓர் இடத்தில் முழங்கை மாதிரி மடங்க வேண்டும். எப்படி என்று நீ சொல்.

எங்களுக்குப் புதுக் கேப்டன் வந்திருக்கிறார். ஸாஸன் என்று பெயர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கெட்டவர் இல்லை. மாலுமிகளிடம் மரியாதையாகப் பேசுகிறார். தலைமை எஞ்சினியரான என்னை 'சீஃப்' என்கிறார். ஆனால் போர் இன்னும் அவருக்கு ஆரம்பிக்கவே இல்லை. எல்லாரும் முடித்துவிட்டு எழுந்து போகும் மேசையில் பசியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"குழாய் வேலை செய்யுதா, சீஃப்?" என்று கேட்டார்.

"செய்யுது, கேப்டன். ஆளைத்தான் கொல்லுது."

உன் வரைபடத்தைக் காட்டினேன். "உங்க சொந்த நேரத்துல செஞ்சுக்குங்க. படகு கிளம்பறது தள்ளிப் போகக்கூடாது" என்றார்.

பல்சக்கரம் வெட்ட இங்கே ஒரு பட்டறை இருக்கிறது. தோர்லைஃப் என்ற நார்வேக்காரர்தான் அங்கே கொல்லர். அவரிடம் உன் படத்தை விரித்தேன்.

"எதுக்கு இது?"

"உள்ள இருக்கிறவங்க மூச்சு முட்டிச் சாகாம இருக்கறதுக்கு."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எங்க அண்ணன் சரக்குக் கப்பல்ல இருக்கான். லிவர்பூலுக்கும் அமெரிக்காவுக்கும் ஓடுது. நீங்க நல்லா மூச்சு விட்டா அவனுக்கு நின்னுடும். நான் வெட்ட மாட்டேன். போய்ச் சொல்றதுன்னா சொல்லிக்கோ."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாம் தேவாலயத்துக்குப் போனபிறகு நானே போய் அந்தப் பட்டறையில் வெட்டினேன். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. மூன்றாவது ஏதோ உருப்படியாக இருக்கிறது.

முழங்கையை மறந்துவிடாதே.

ஓன்னோ


கீல்
1945 ஜனவரி 21

ஓன்னோ,

முழங்கை இத்துடன் இருக்கிறது. மடங்கும் இடத்தில் மசகு எண்ணெய் விட ஒரு துளை வைத்திருக்கிறேன். அதை அடைத்துவிடாதே.

இதையும் ஆள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் இப்போது வரைவறையில் இல்லை. உனக்கு அனுப்பிய படத்தைப் பற்றி யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கட்சிக்காரர் ஒருவர் என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"யாரைக் கேட்டு இதை வரைஞ்சே?"

"யாரையும் கேக்கல. என் சாப்பாட்டு நேரம். பழைய தாளோட பின்பக்கம்."

"நாட்டோட நேரம் எல்லாமே நாட்டுக்குச் சொந்தம்."

"படகும் நாட்டோடதுதானே, சார்?"

அந்த வாய்க்குத்தான் இந்தத் தண்டனை. புதுப் படகுக்குத் தகடு வெட்டும் கொட்டகையில் கோடு போடும் வேலை கொடுத்துவிட்டார்கள். கூரை பாதிதான் இருக்கிறது. என்னோடு வேலை செய்பவர்கள் கிழக்கத்திய ஊர்களிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த பெண்கள். மேல்சட்டையில் அடையாளமாக நீலத் துணி தைத்திருக்கும். நமக்கே ரொட்டி இல்லை, அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நீயே நினைத்துக்கொள். பரஸ்கா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். நான் சுண்ணக்கட்டியால் கோடு போடுவேன், அவள் தீச்சுடரால் வெட்டுவாள்.

போன வாரம் அவள் ஒரு தகட்டைக் கோட்டைவிட்டு விரல் அகலம் தள்ளி வெட்டினாள். தெரியாமல் இல்லை. வெட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "கோடு நேரா. கை நேரா இல்ல. குளிர்" என்றாள், அவளுக்குத் தெரிந்த ஜெர்மனில்.

நான் தகட்டைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தேன். "குளிர்தான்" என்றேன்.

அடுத்த தகட்டுக்குப் போய்விட்டோம்.

அந்த நார்வேக்காரர் சொன்னது பொய் இல்லை.  உன் கம்பியால் உன் ஆட்கள் பிழைப்பார்கள். அதே கம்பியால் நத்தை இன்னும் பல நாள் அந்தக் கப்பல்களின் வழியில் படுத்துக் கிடக்கும். தெரிந்துதான் வரைந்தேன். ஒரு படகுக்குள் இருப்பவர்கள் சாகக்கூடாது, இன்னொரு படகு கடலுக்கே போகக்கூடாது. இரண்டுக்காகவும் ஒரே கையால் வேலை செய்கிறேன். பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

நீ எத்தனை கப்பலை மூழ்கடித்தாய் என்று இதுவரை எனக்கு எழுதியதே இல்லை. எழுது. நான் கேட்கத் தயார்.

ஒன்றே ஒன்று எனக்குச் சத்தியம் செய்து கொடு. முடிவு வரும்போது எவன் என்ன கட்டளை போட்டாலும் அத்தனை பேரையும் மேலே கொண்டு வருவேன் என்று எழுதி அனுப்பு.

அக்கா


பெர்கன்
1945 மார்ச் 30

இம்கே,

அடுப்பில் போடச் சொன்னாய். போடவில்லை. போட்டுவிட்டால் உன்னோடு சண்டை போட என்னிடம் என்ன இருக்கும்?

அந்தத் தகடு ஒரு படகின் உடம்பில் போய் ஒட்டும். அந்தப் படகில் என்னைப்போல் ஒருவன் எஞ்சின் அறையில் நிற்பான். அவனிடமும் ஒரு மைனெர்ட் இருப்பான். ஆழத்தில் தண்ணீர் அந்த விரல் அகலத்தைத் தேடித்தான் முதலில் வரும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? பழைய படகின் சக்கரம் தள்ளி இருக்கிறது என்று ஊரைக் கூட்டினாய். புதுப் படகின் தகடு தள்ளி இருக்கிறது, நீ குளிர் என்கிறாய்.

மூன்று கப்பல். நான் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. எஞ்சின் அறையில் ஜன்னல் கிடையாது. முதலில் வெடிக்கும் சத்தம், அப்புறம் வெகுநேரம் கழித்து இரும்பு மடங்குகிற சத்தம் தண்ணீர் வழியாக வரும். முதல் தடவை பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். மூன்றாம் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்டாய், எழுதிவிட்டேன். திரும்பக் கேட்காதே.

கம்பி மாட்டியாயிற்று. கழிமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தோம். நானே நடுவில் நின்று, வேண்டுமென்றே குழலை முக்கச் சொன்னேன். மூடி விழுந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் திருப்பின. புகை ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. ஸாஸன் வந்து பார்த்துவிட்டு, "சீஃப், இதை வச்சுக்கிட்டு உலகத்தையே சுத்தி வரலாமே!" என்றார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

சத்தியம் செய்ய மாட்டேன். உன்னால் வேலை முடிந்து டிராம் ஏறி வீட்டுக்குப் போக முடிகிறது. இங்கே நான் அதிகாரி. கட்டளையை மீறுவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போக என்னால் ஆகாது.

ஏப்ரலில் கிளம்புகிறோம்.

ஓன்னோ


கீல்
1945 ஜூன் 17

ஓன்னோ,

இதைச் செஞ்சிலுவைக்காரர்களிடம் கொடுக்கிறேன். எந்த முகவரி என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு டிராமும் இல்லை, வீடும் இல்லை. சாப்பாட்டு அறைச் சுவர் மட்டும் நிற்கிறது. லாபோவில் மைனெர்டின் அம்மாவோடு இருக்கிறேன். அவராகத்தான் கூப்பிட்டார்.

நீ போட்ட சண்டைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ உயிரோடு இல்லாவிட்டாலும் சொல்வேன். அந்தத் தகடு கடலுக்குப் போகாது என்று தெரிந்துதான் குளிர் என்றேன், முட்டாளே. ஒவ்வொரு துண்டையும் தண்ணீர் ஏற்றி அழுத்திப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். நான் வரைவாளர், எனக்குத் தெரியாதா? கசிந்தது. பிரித்தார்கள். மறுபடி வெட்டினோம். மறுபடி கசிந்தது. அந்தப் படகு இன்னும் கட்டுமேடையிலேயே நிற்கிறது. ஒருவனும் அதில் ஏறவில்லை. ஏறாத ஐம்பது பேரும் எங்கோ உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பார்கள். பரஸ்கா ஊருக்கு நடந்தே கிளம்பிவிட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, "குளிர்" என்று சொல்லிச் சிரித்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஊர் இப்போது ஆங்கிலேயர் கையில். உன்னைத் தேடி அவர்களின் ஒவ்வொரு அலுவலகமாகப் போகிறேன். ஒரு குமாஸ்தா என்னைக் கண்டாலே தலையில் கை வைக்கிறார்.

"படகு பேரு?"

"நத்தை."

"நம்பர் சொல்லும்மா, நம்பர்!"

நம்பரையும் சொன்னேன். சரணடைந்தவற்றில் பாதிக்குமேல் இன்னும் தங்கள் பட்டியலில் ஏறவில்லை என்கிறார். நாளைக்கும் போவேன். அவருக்கு அலுக்கும்வரை போவேன், அலுத்த பிறகும் போவேன்.

இம்கே


ஸ்காட்லாந்து, கைதிகள் முகாம்
1945 செப்டம்பர் 9

அக்கா,

உன் ஜூன் கடிதம் கைக்கு வந்தது. முட்டாள் என்று நீ எழுதியிருந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். இங்கே கைதிகளுக்கு ஒரு சிறு தாள்தான் தருகிறார்கள். காசநோய் என்று ஒருவனை ஊருக்கு அனுப்புகிறார்கள், இந்தக் கடிதம் அவன் சட்டைக்குள் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்காட்லாந்தின் வடமேற்கே கிடந்தபோது ஜெர்மனி சரணடைந்துவிட்டது என்று வானொலியில் செய்தி வந்தது. எல்லாப் படகும் மேலே வரவேண்டும், இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும், கறுப்புக் கொடி ஏற்றவேண்டும். ஸாஸன் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். அப்புறம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாம போகப் போறதில்ல" என்றார். தென் அமெரிக்காவுக்குப் போகலாமாம். வழி முழுக்க முங்கியபடியே. டீசல் இருக்கிறது, மூச்சுக்குழல் இருக்கிறது. சின்னப் பையன்கள் சிலர் கைதட்டினார்கள். சிறை என்றால் அவர்களுக்குப் பயம், அர்ஜென்டினா என்றால் குதிரையும் வெயிலும்.

அந்தக் கம்பி இல்லாமலிருந்தால் அவர் அந்தப் பயணத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். உன் மேல் அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

நான் எஞ்சின் அறைக்குப் போனேன். இரண்டு சக்கரங்களையும் மூடினேன். டீசலை நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டேன். பழைய ஏற்பாடாக இருந்தால் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவனை வைத்து மற்றதைத் திறந்திருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் ஒருவன் நின்றால் போதும், அவனை நகர்த்தாமல் ஒன்றும் நடக்காது.

ஸாஸன் வந்தார். "டீசலை ஓட்டுங்க, சீஃப்."

"மேல போனா ஓட்டுறேன், கேப்டன்."

"இது கட்டளை."

"கட்டளை போடறவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க. உங்க பைக்குள்ளதான் இருக்கு."

துப்பாக்கியை எடுத்தார். என் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். நான் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சுடுங்க" என்றேன். "சுட்டா அப்புறம் இந்தக் குழாயை யாரு பார்த்துக்குவா? பாதி உலகத்தைத் தாண்டணும். வர்ற ஒவ்வொரு அலைக்கும் இங்க ஒருத்தன் நிக்கணும். இந்தப் பையன்களுக்குக் கத்துக் கொடுக்க நான் வேணும். நான் கத்துக் கொடுக்க மாட்டேன்."

"நீங்க துரோகி."

"சரி."

அவர் போய்விட்டார். அதன் பிறகு காத்திருப்புதான். மின்கலம் இறங்க இறங்க விளக்கு மங்கியது. காற்று கெட்டது. எல்லாரையும் படுக்கச் சொன்னேன்; படுத்தால் மூச்சு கொஞ்சம் மிச்சமாகும். நான் மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று பயம். கோப்கே ஊர்ந்து வந்து என் காலருகே படுத்துக்கொண்டார். "சீஃப், என் பொண்டாட்டி ஊர்ல இருக்கா. எனக்கு ஸ்பானிஷும் தெரியாது" என்றார். "பேசாதீங்க, காத்து செலவாகும்" என்றேன். அவர் பேசியது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. இருட்டிலிருந்து ஒருவன், "எனக்கும் தெரியாது" என்றான். இன்னொருவன் சிரித்தான். கைதட்டிய பையன்களில் ஒருவன் அழ ஆரம்பித்தான்.

வெகுநேரம் கழித்து ஸாஸன் திரும்பி வந்தார். துப்பாக்கி கையில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மேல போலாம், சீஃப்" என்றார்.

மேலே வந்து கோபுரத்து மூடியைத் திறந்ததும் உள்ளே இறங்கிய காற்று இருக்கிறதே, அக்கா, அதை எழுத எனக்குத் தெரியாது. இருமி இருமி எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். கறுப்புக் கொடி எங்களிடம் இல்லை. கோப்கே தன் மேசைவிரிப்பைப் பழைய எஞ்சின் எண்ணெயில் முக்கி எடுத்தார். ஆங்கிலேயக் கப்பல் வரும்வரை அது கோபுரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் மேல்தளத்தில் நின்றோம். ஒருவர்கூடக் குறையவில்லை.

இங்கே முகாமில் சிலர் என்னோடு பேசுவதில்லை. ஒருநாள் என் படுக்கையில் துரோகி என்று கரியால் எழுதியிருந்தார்கள். வரிசையில் நின்றால் இடிக்கிறார்கள். இடிக்கட்டும். நான் என் இடத்தைவிட்டு நகரவில்லை.

நீ கேட்ட சத்தியத்தை நான் செய்து கொடுக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள். உனக்காகச் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

தம்பி ஓன்னோ


கீல்
1945 நவம்பர் 4

ஓன்னோ,

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் அந்தக் குமாஸ்தாவிடம். அவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். அவருக்கு அப்பாடா என்று இருந்திருக்கும்.

மைனெர்டின் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்படியில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "அந்தக் கம்பி முன்னாடியே இருந்திருக்கலாம்" என்றார். "இருந்திருக்கலாம்மா" என்றேன்.  நம்மை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உனக்கென்று கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறார்.

உன்னைத் துரோகி என்று சொன்னால் சொல்லட்டும். சொல்வதற்கு உயிரோடு இருக்கிறார்கள் அல்லவா?

போன வாரம் ஒரு வெளிநாட்டு அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். எந்த நாடு என்று எழுத மாட்டேன். இருபத்தொன்றாம் வகைப் படகை வரைந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். பிராண்டிஸ் குடும்பத்தோடு கிளம்பிவிட்டாராம். எனக்கும் வீடு, நிலக்கரி, வாரம்தோறும் இறைச்சி.

"உங்க மாதிரி கை எங்களுக்கு வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"அதே வேலைதான். உங்களுக்குத் தெரிஞ்ச வேலை."

"தெரிஞ்சதாலதான் மாட்டேங்கறேன்."

யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றேன். அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது ஆளுக்கு ஒரு டர்னிப். வயிறு என்னைத் திட்டியது. திட்டட்டும். கப்பல் கட்டும் தளத்துப் பட்டறையில் இப்போது போர்வீரர்களின் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்து, துளை போட்டு, காய்கறி வடிக்கும் தட்டு செய்கிறார்கள். அதற்குக் கைப்பிடி எங்கே வைத்தால் கை சுடாது என்று வரைந்து கொடுக்கிறேன். நல்ல வேலைதான், ஓன்னோ. சிரிக்காதே.

எப்போது விடுவார்கள்?

அக்கா


லாக் ரயன், ஸ்காட்லாந்து
1945 டிசம்பர் 23

அக்கா,

எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. என்னை முகாமிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். சரணடைந்த படகுகளையெல்லாம் இந்தக் கழிமுகத்தில் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவை மிதந்துகொண்டிருக்க ஆள் வேண்டும் என்று எஞ்சினியர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டது நத்தையைத்தான். நானாகக் கேட்டு வாங்கவில்லை, அப்படி அமைந்தது.

ஒவ்வொன்றாக இழுத்துப் போய் ஆழ்கடலில் மூழ்கடிக்கிறார்கள். நேற்று எங்கள் முறை. காற்று பலமாக அடித்தது. இழுவைக் கப்பல் வந்து வடம் கட்டியது. நத்தை துருப்பிடித்துச் செவசெவ என்று கிடந்தது. கோபுரத்தில் வரைந்த நத்தை பாதி உரிந்துவிட்டது.

வடம் கட்டியபிறகு கடைசித் தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். தனியாக இறங்கினேன். கைவிளக்கோடு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நடந்தேன். ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்தேன். ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றிலும் திரையை விலக்கிப் பார்த்தேன். சமையல் மூலையில் பார்த்தேன். இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதுபோல் இருந்ததே தவிர, நீ நினைக்கிறபடி துக்கமாக இல்லை. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஏணியில் ஏறி மூடியைச் சாத்தி இறுக்கினேன்.

பக்கத்தில் சிறு படகில் வந்து காத்திருந்த ஆங்கிலேய அதிகாரி என்னைவிடச் சின்னவர். தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

காற்றில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். நான் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என்னால் முடிந்த அளவு உரக்கக் கத்தினேன்:

"உள்ள யாரும் இல்ல!"

ஓன்னோ